ஆ காட்டு அக்கா

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம் என்பார்கள். என் வாயிலிருந்தும் சுலபமாக வராது. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் துணி தைத்தவர்கள் நாங்கள். அவள் வெட்டித் தைப்பாள், நான் காஜா எடுத்துப் பொத்தான் கட்டுவேன். நூல் கொஞ்சம் தொய்வாக இருந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வாள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டுவேன். ஆகவே நான் சொல்வதில் பாசத்தால் பூசி மெழுகியது எதுவும் இருக்காது. எரிச்சல் இருக்கும். அது அவள்மேல் மட்டும் இல்லை.

தெருவில் அவளுக்கு 'ஆ காட்டு அக்கா' என்று பெயர். பொடிசுகள் வைத்த பெயர்தான், ஆனால் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். எங்கள் வீட்டு முன்னறை தெருவைப் பார்த்தது. தையல் மெஷின், வெட்டும் மேசை, அளவு பார்க்க ஒரு கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு முக்காலி. காலையில் முதல் துணியை வெட்டுவதற்கு முன்னால் அந்த முக்காலியில் டிபி நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்காருவார்கள். சுகாதார நிலையத்திலிருந்து அவரவர் மாத்திரை அண்ணியிடம் வந்துவிடும். மாத்திரையைக் கையில் கொடுப்பாள், தண்ணீர் கொடுப்பாள், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். பிறகு, "ஆ காட்டு" என்பாள். அதோடு விடமாட்டாள். "நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம் கன்னம். ம், போ."

இதெல்லாம் என் அண்ணனால் வந்த வினை. லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு டிபி வந்து, மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இருமல் குறைந்து, நன்றாகச் சாப்பிடத் தொடங்கினான். உடனே ஐயாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது, மாத்திரை வேண்டாம் என்றான். அண்ணி விடவில்லை. லாரி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முழுங்கினால்தான் சாவி என்றாள். மூக்கால் அழுதுகொண்டே முழுங்கினான். ஆறு மாதம் அப்படியே நடந்தது, ஆள் பிழைத்தான், இப்போது பெரும்பாலும் லாரியோடு வெளியூரில்தான். சுகாதார நிலையத்து நர்ஸம்மா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "இந்தக் கழுதையையே முழுங்க வெச்சிட்டீங்க, ஊருக்கும் செஞ்சா என்ன?" என்று கேட்டார். கழுதை என்றது என் அண்ணனை. எனக்குக் கோபம் வரவில்லை.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். கிருமி முழுசாகச் சாகாது. அந்த மருந்துக்கே பழகிக்கொண்டு எழுந்து நிற்கும். அப்புறம் அதே மருந்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் கிருமியையே பக்கத்தில் இருப்பவருக்கும் இருமிக் கொடுத்துவிட நேரும். அண்ணிக்கு அதில் பயம். அதனால் யாரிடமும் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு வெல்டர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வாசல் வரை போனான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். ஒரு கண்டக்டர், "அக்கா, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றார். "சின்னப் புள்ளன்னா நம்பியிருப்பேன்" என்றாள். இதற்குச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர், எங்கள் வீட்டு டம்ளர், தையல் வேலை நிற்கிற நேரம், எல்லாம் இனாம். இரண்டொரு வாடிக்கைக்காரர்கள், "இருமறவங்க வந்து போற எடத்துல எப்படிம்மா துணி குடுக்கறது?" என்று போயே போய்விட்டார்கள். நான் புலம்பினேன். "அவங்க பஸ்ல யார் பக்கத்துல உக்காந்து போறாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

இன்னொன்றிலும் அவள் கறார். யார் வருகிறார்கள் என்பதை வெளியே சொல்லவே மாட்டாள். இத்தனைக்கும் வாய் சும்மா இருக்கிற பெண் இல்லை.

அண்ணிக்கு ஒரே மகள். இரும்புக்கடைக்காரர் வீட்டில் கொடுத்திருந்தோம். ஆணி, கம்பி, பூட்டு, குழாய் என்று கடைத்தெருவில் பெரிய கடை. மாப்பிள்ளை அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. வசதியில் அவர்கள் ஒரு படி மேல், அதை அவர்கள் எங்களுக்கு மறக்கவிட்டதும் இல்லை. அண்ணி மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நல்ல புடவையாகத் தேடி உடுத்துவாள். அங்கே போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

ஒருநாள் காலை அந்த இரும்புக்கடைக்காரரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட நர்ஸம்மா. சம்பந்திக்கு டிபி. சுகாதார நிலையத்தில் வந்து நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள், இங்கே வந்தால் சம்பந்தி வீட்டுக்கு வந்து போவதாகத்தானே இருக்கும் என்று அவரே கணக்குப் போட்டிருந்தார்.

"சம்பந்தியம்மா, காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும். வீட்டுல பொம்பளைங்களுக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்க. உங்க பொண்ணுக்கும் சொல்ல வேணாம்" என்றார்.

"வீட்ல இருக்கறவங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணுமே சார்" என்றார் நர்ஸம்மா.

"அதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட எடுத்தாச்சு. யாருக்கும் ஒண்ணும் இல்ல."

நர்ஸம்மா அண்ணியைப் பார்த்தார். பெண்ணைக் கொடுத்த இடம். சம்பந்தி சொன்னதைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்க அண்ணிக்கு வாய் வரவில்லை. தலையாட்டினாள்.

மறுநாளிலிருந்து வந்தார். முக்காலியில் உட்காரமாட்டார் என்று உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். மாத்திரையைக் கையில் கொடுக்கவில்லை, தட்டில் வைத்து நீட்டினாள். சிவப்புக் கேப்ஸ்யூல் ஒன்று, வெள்ளை மாத்திரைகள் சில. அவர் அள்ளி வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். "வரேன் சம்பந்தியம்மா" என்று எழுந்தார்.

அண்ணி, "ஆ காட்டுங்க" என்று சொல்லவில்லை. அவர் தண்ணீர் குடிக்கும்போது மரியாதைக்காக முகத்தைக்கூட வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் போனதும் நான் கேட்டேன். "என்ன அண்ணி, அவருக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"சம்பந்திய எப்படி ஆ காட்டுங்கன்னு சொல்றது?"

"வெல்டருக்குச் சொன்ன மாதிரிதான்."

"நல்லாருக்கே! நாளைக்கு அந்த வீட்ல என் பொண்ணு நிம்மதியா சோறு திங்க வேணாமா?"

"நான் சொல்றேன் அப்ப. நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."

"நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. பெரிய மனுஷன், தன் உடம்பு மேல அக்கறை இருக்காதா?"

அந்தப் பேச்சு ஒருநாளோடு முடியவில்லை. அவர் வந்து போகும்போதெல்லாம் நான் முணுமுணுப்பேன், அவள் மெஷினை வேகமாக மிதிப்பாள். சிவப்புக் கேப்ஸ்யூல் உள்ளே போனால் சிறுநீர் சிவப்பாகப் போகும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். வாயைத் திறக்கச் சொல்லவே கூசியவள் சம்பந்தியிடம் போய் அதைக் கேட்பாளா என்ன? நானே சொல்லிச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். அவருக்கு இருமல் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. அவர் வந்து போன ஒருநாள் மகள் வந்தாள். கையில் ஒரு பையில் மாமனாரின் வெள்ளைச் சட்டைகள்.

"அம்மா, இந்தக் கறை போகவே மாட்டேங்குது. எல்லாச் சட்டையிலயும் பையிலதான் இருக்கு. பழைய பைய எடுத்துட்டு வேற பை தெச்சுக் குடேன். எங்க மாமியார் என்னைத்தான் திட்டறாங்க, நான் சரியாத் துவைக்கலன்னு."

சொல்லிக்கொண்டே இருமினாள். ஜலதோஷம் என்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வந்ததிலிருந்து நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை வெளிப்பக்கமாகப் புரட்டினாள். அடித்தையலில் செம்பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஈரமான கேப்ஸ்யூலைக் கைக்குட்டையில் துப்பி மடித்துப் பையில் வைத்தால் வருகிற கறை. துணியைப் பார்த்தே என்ன கறை என்று சொல்லிவிடுகிறவளுக்கு அது தெரிய நேரமாகவில்லை. அடுத்த சட்டையைப் புரட்டினாள். அதற்கடுத்ததையும் புரட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கு டெஸ்ட் எடுத்தாங்களா?" என்று மகளிடம் கேட்டாள்.

"என்ன டெஸ்ட்?"

அவ்வளவுதான். அண்ணி எழுந்தாள். சம்பந்தியின் மாத்திரையையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, தைக்கும்போது உடுத்தியிருந்த புடவையோடேயே தெருவில் இறங்கினாள். அன்று நல்ல புடவை தேடவில்லை. "அண்ணி, நில்லுங்க" என்று கூப்பிட்டபடி நான் பின்னால் ஓடினேன்.

கடையில் கூட்டம். ஒருவர் சங்கிலியை அளந்து வாங்கிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர் ஆணிச் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணி நேராகக் கல்லாவின் முன்னால் போய் நின்றாள்.

"சம்பந்தி, காலைல துப்புன மாத்திரைய இப்ப என் கண்ணு முன்னால போட்டுக்குங்க."

"என்ன மாத்திரை? என்னம்மா இது, கடைல வந்து?"

"போட்டுட்டு ஆ காட்டுங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் கறுத்தது. ஆனால் கில்லாடி மனுஷன், குரலை உயர்த்தாமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "இந்தம்மா வீட்டுக்கு டிபிக்காரங்க தினம் வந்து போறாங்க. யாருக்கோ குடுக்க வேண்டியத மாத்தி இங்க கொண்டாந்திருக்கு. தலைக்கு மேல வேலை, பாவம்."

சங்கிலி வாங்க வந்தவர் எங்களைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவரைவிட்டு இல்லை, எங்களைவிட்டு. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நோயாளி யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்பதும் அண்ணியின் சட்டம்தான். கூச்சத்தில் ஒரு சட்டத்தைக் கைவிட்டாள், கோபத்தில் இன்னொன்றை. இரண்டும் அந்த ஒரே ஆளுக்காக.

எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த மகள் சாயங்காலம் புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். போன சூட்டிலேயே மாப்பிள்ளை அவளைத் தெருமுனையில் கொண்டுவந்து பெட்டியோடு இறக்கிவிட்டான். வீட்டு வாசல் வரைகூட வரவில்லை. ஓடிப்போய் நின்ற அண்ணியிடம், "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும் அத்தை. உங்க வீட்டுக்கு வந்து போனதுல இவளுக்கு ஒட்டியிருக்கும்னு அப்பா சொல்றாரு" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

டெஸ்டில் மகளுக்கு டிபி என்று வந்தது. அதுவும் வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை. மருந்து வேறு, காலமும் அதிகம். முழுங்கினால் குமட்டல், கை கால் எரிச்சல், யாரைப் பார்த்தாலும் அழுகை. நர்ஸம்மா இரும்புக்கடைக்காரரைத் தேடிப் போனார். வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறார் என்று வீட்டில் பதில் வந்தது. ஊருக்கு அவர் சொல்லிக்கொண்டது நெஞ்சில் சளி என்று.

தெருவும் அவர் சொன்னதைத்தான் நம்பியது. பெரிய கடைக்காரர் சொல்வதா, தையல்காரி சொல்வதா? துணி வருவது நின்றது. அண்ணி கையால் மாத்திரை வாங்கி முழுங்கி எழுந்து நடந்தவர்கள்தான் முதலில் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். அந்த வெல்டர் எங்கள் வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் வாசலில் நின்று நன்றாகக் கேட்டுவிட்டேன். கேட்டு என்ன, பொத்தின கையை அவன் எடுக்கவில்லை.

இதையெல்லாம் அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். தாங்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது. முதல்முதலாக மாத்திரையை எடுத்துக்கொண்டு மகளிடம் போனபோது அவள் வாங்கவில்லை.

"அவருக்கு இந்த வியாதின்னு உனக்கு முன்னாலயே தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு..."

"நான் யாரோவாம்மா? அவர் சாப்ட்ட தட்டக் கழுவினேன், படுக்கைய உதறிப் போட்டேன். இருமும்போது பக்கத்துல நின்னு வெந்நீர் குடுத்தேன். உனக்குத் தெரியும்."

"உன் வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னுதான் நான்..."

மகள் என் பக்கம் கையை நீட்டினாள். "அத்தை, நீங்க குடுங்க."

அன்றிலிருந்து நான்தான் கொடுக்கிறேன். ஊரையே முழுங்க வைத்தவள் அடுப்படியில் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். நான் வெளியே வந்ததும், "முழுங்கினாளா?" என்கிறாள். முழுங்கினாள் என்கிறேன். "நாக்கத் தூக்கச் சொல்லிப் பாத்தியா?" என்கிறாள். பார்த்தேன் என்கிறேன். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அந்தக் கேள்வியில் கரைந்துபோகும். மறுபடி மகளின் முகத்தைப் பார்த்தால் திரும்பி வந்துவிடும்.

போன வாரம் நர்ஸம்மா வந்தார். புதிதாக ஒரு நோயாளி. இரும்புக்கடையில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் கவனிக்க ஆளில்லை, யாரும் நின்று பார்க்காவிட்டால் இரண்டாம் வாரமே விட்டுவிடுவார், எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

"முடியாது நர்ஸம்மா. எனக்கு இனிமே அந்த யோக்கியதை இல்ல. வேற யாரையாவது பாருங்க" என்றாள் அண்ணி.

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. இருமலுக்கு நடுவில், நிதானமாக.

"எடுத்துக்கச் சொல்லுங்க அத்தை. யாரோ ஒருத்தர்னா அம்மா ஒழுங்காப் பாத்துப்பாங்க."

அண்ணி அந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி நர்ஸம்மாவிடமிருந்து மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.