ஓரம் அடிக்காத துணி

கட்டடம் கட்டும் இடத்தில் அவனுக்கு 'உச்சி' என்று பெயர். டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கும் ஆட்கள் எறும்பாகத் தெரியும் உயரத்திலிருந்து கம்பிக் கட்டுகளை இறக்குவான். காற்று வலுத்தால் கூண்டு ஆடும். புதிதாக ஏறுகிறவர்கள் பாதி ஏணியிலேயே கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உச்சியோ மேலே போய்ச் சாவகாசமாகச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பான். "இவனுக்குப் பயம்ங்கற நரம்பையே வைக்காம அனுப்பிட்டாங்கடா" என்று கீழே பேசிக்கொள்வார்கள்.

அந்த நரம்பு அவனுக்கு மகள் பிறந்த அன்று முளைத்தது.

கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்தவள். இனி இல்லை என்று ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்துப் பழகிவிட்ட பிறகு வந்தவள். நர்ஸ் துணியில் சுற்றி நீட்டியபோது, "கீழ போட்டுடுவேன் சிஸ்டர், நீங்களே வச்சுக்குங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வார்டே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

மனைவி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். விடுப்பு முடிந்ததும் அவளுக்குக் காலை ஷிப்ட் கொடுத்தார்கள். அவன் கெஞ்சிக் கூத்தாடி மதிய ஷிப்ட்டுக்கு மாறிக்கொண்டான். அவள் வருவதற்கும் அவன் கிளம்புவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கீழ் வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். மற்றபடி காலை முழுவதும் அவனும் பாப்பாவும்தான்.

கடை டயப்பர் பாப்பாவுக்கு ஒத்துவரவில்லை. தொடை இடுக்கெல்லாம் சிவந்து தடித்துப்போனது. துணி கட்டுங்கள், காற்றுப் படட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்று இருந்தது. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது. அதைச் சதுரம் சதுரமாக்கினால் போதும் என்று மனைவி சொன்னாள். "தெருமுனை டெய்லர்கிட்ட கொடுத்து ஓரம் அடிச்சு வாங்கிடுங்க" என்றும் சொன்னாள்.

"இடுப்புல கட்டுற துணிக்கு ஓரம் என்னத்துக்கு? ஊர்வலமா போகப் போறா?" என்று அவன் கையாலேயே சரசரவென்று கிழித்துப்போட்டான். நேர்கோட்டில் கிழிந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை கூட.

முதல் வாரம் திண்டாடினான். முக்கோணமாக மடித்தால் பின்பக்கம் ஒழுகியது. நீளமாக மடித்தால் தொடையோரம் ஒழுகியது. ஊக்கு குத்தும்போது, நடுவில் தன் இரண்டு விரலை வைத்துக்கொண்டுதான் குத்துவான். அவன் விரலில் பொத்தல் விழாத நாள் கிடையாது. "பரவாயில்ல, அவளைக் குத்துறதுக்குப் பதிலா என்னைக் குத்தட்டும்" என்பான். பிறகு ஊக்கே வேண்டாமென்று நாடா வைத்துக் கட்டப் பழகினான்.

ஈரத்துக்கு ஒரு வாளி, மற்றதுக்கு மூடி போட்ட இன்னொரு வாளி. அழுக்கை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே குடியிருந்துவிடும். இதை அவன் பட்டுத்தான் தெரிந்துகொண்டான். சோப்புக் கொஞ்சம் தங்கினாலும் பாப்பாவுக்குச் சிவந்துவிடும். அதனால் அலசிய தண்ணீர் குடிநீர் மாதிரி தெளியும்வரை விடமாட்டான். மொட்டைமாடிக் கொடியில் வரிசையாகத் துணி காயும். வேலை இடத்தில் இது தெரிந்துபோனது. "என்ன உச்சி, மேல ராஜா, வீட்டுல சலவைக்காரனா?" என்று கிண்டல் செய்தார்கள். "ராணி வீட்டுல இருக்கா, ராஜா துவைக்கத்தான் வேணும்" என்பான்.

வாய்தான் அப்படிப் பேசும். உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டே இருந்தது. தூங்கும்போது மூச்சு வருகிறதா, குளிப்பாட்டும்போது கை நழுவுமா, பால் புரையேறுமா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "உங்களால எனக்கும் பயம் வருது, கொஞ்சம் சும்மா இருங்க" என்று மனைவி அதட்டுவாள்.

மழை பிடித்துக்கொண்டபோது துணி காயவில்லை. வீட்டுக்குள் கயிறு கட்டி, நாற்காலி முதுகிலெல்லாம் விரித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஈரம் போக்கினான். குளிருக்காகப் பாப்பாவுக்குக் காலுறை போட்டார்கள். பெருவிரல் அளவுதான் இருக்கும். தனியாகத் துவைப்பானேன் என்று அதையும் இடுப்புத்துணிகளோடு சேர்த்தே அலசிப் போட்டான்.

அன்று காலை மனைவி கிளம்பிப்போன கொஞ்ச நேரத்தில் பாப்பா அழ ஆரம்பித்தாள்.

பசி என்று நினைத்து, மனைவி எடுத்துவைத்திருந்த பாலைச் சூடாக்கிக் கொடுத்தான். இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். துணியைப் பார்த்தான். ஈரம். மாற்றினான். அழுகை நிற்கவில்லை. நாடா இறுக்கமோ என்று தளர்த்திக் கட்டினான். தோளில் போட்டு முதுகைத் தட்டினான். ஏப்பம் வந்தது, அழுகை நிற்கவில்லை. நெற்றியைத் தொட்டான், சூடில்லை. காதைத் தொட்டான், வயிற்றை அமுக்கினான், வாயில் விரல் விட்டு ஈறைத் தடவினான். எங்கே தொட்டாலும் ஒரே அழுகை.

அது வழக்கமான அழுகையும் இல்லை. பசி அழுகை ஏறி இறங்கும். தூக்க அழுகை முனகும். இது ஒரே சுருதியில் வந்தது. நடுநடுவே மூச்சு நின்று, முகம் கருஞ்சிவப்பாகி, மறுபடி வெடித்தது. ஒவ்வொரு தடவை மூச்சு நிற்கும்போதும் அவன் மூச்சும் நின்றது.

"என்னடா தங்கம், என்னம்மா, அப்பாகிட்ட சொல்லு, எங்க வலிக்குது?" என்று அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தான். மனைவிக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. ஓடுகிற பஸ்ஸில் அவள் போன் பைக்குள் கிடக்கும். கீழ் வீட்டுக் கதவைத் தட்டினான். பூட்டியிருந்தது.

திரும்பி மேலே வந்தபோதுதான் கையில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. பதற்றத்தில் துணியை ஒழுங்காக மடிக்கவில்லை. தொடையோரம் ஒழுகி, கால் வழியாக இறங்கி, காலுறை வரை நனைந்திருந்தது.

"சரி சரி, எல்லாத்தையும் மாத்திடுவோம்" என்று படுக்கையில் கிடத்தி, இடது காலுறையை உருவினான். வலது காலுறையை உருவும்போது அவள் உடம்பு வில்லாக வளைந்தது.

நடுவிரல் மட்டும் வேறு யாருடைய விரலோ போல இருந்தது. நாவல் பழ நிறம். பக்கத்து விரலைவிட இரண்டு பங்கு பருமன். அடிப்பக்கத்தில் சதை பள்ளம் விழுந்து, யாரோ கத்தியால் கீறியது போல ஒரு வளையம்.

பூச்சி கடித்துவிட்டதா? எலியா? உருவிய காலுறையைத் திருப்பிப் பார்த்தான். உட்பக்கமெல்லாம் நூல் பிசிறு. வெள்ளை வெள்ளையாக, நீள நீளமாக, துவைக்கும்போது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டவை. வீட்டுக்குள் கயிற்றில் தொங்கிய துணிகளைப் பார்த்தான். கிழித்த ஓரமெல்லாம் தாடி மாதிரி நூல் தொங்கியது.

விரலில் நூல் சுற்றியிருக்கிறது. வீங்க வீங்க நூல் இறுகியிருக்கிறது. இறுக இறுக இன்னும் வீங்கியிருக்கிறது. இவன் பால் கொடுத்துக்கொண்டும் முதுகைத் தட்டிக்கொண்டும் இருந்திருக்கிறான்.

கத்தரியை எடுத்தான். நூல் கண்ணுக்கே தெரியவில்லை; சதைக்குள் புதைந்திருந்தது. முனையை எங்கே வைப்பது? ஒரு இரும்பு உத்தரத்தைக் கை நடுங்காமல் அரை விரற்கடை இடைவெளியில் இறக்குகிறவன். அந்தக் கை இப்போது கத்தரியோடு சேர்ந்து தடதடவென்று ஆடியது. கத்தரியைத் தூக்கி எறிந்தான். பாப்பாவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், கதவைப் பூட்டாமல், மழையில் ஓடினான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை அவன் பார்க்கவே இல்லை.

"டோக்கன் எடுத்தீங்களா?" என்றாள் வாசலில் இருந்த பெண்.

"விரல் போகப் போகுதும்மா!" என்று கத்தினான். குரல் அவனுடையது போலவே இல்லை.

வரிசையில் முதலில் இருந்த பெரியவர் எழுந்து, "போப்பா, உள்ள போ" என்று கதவைத் தள்ளிவிட்டார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். காலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை அவன் பார்த்துவிட்டான். அதுதான் அவனை இன்னும் கலக்கியது.

"எப்போலேருந்து அழுறா?"

"காலையிலேருந்து... காலுறையைக் கழட்டிப் பாக்கணும்னு தோணல டாக்டர். துணியை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தேன். என் தப்புதான்."

"தப்பெல்லாம் அப்புறம் பேசலாம். இந்தக் காலை ஆடாம பிடிங்க."

"என் கை நடுங்குது டாக்டர்."

"நடுங்கட்டும். பிடிங்க."

நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டி, ஊசி போன்ற ஒரு கொக்கியை வளையத்துக்குள் நுழைத்தாள். பாப்பா போட்ட கூச்சலில் வெளியே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் பிடி தளரும் என்று பயந்தான். ஒரு நூல் அறுந்து வந்தது. டாக்டர் விடவில்லை. "இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்று மறுபடி குனிந்தாள். இரண்டாவதும் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் அரும்பியது.

"நிறம் திரும்புதான்னு பார்ப்போம். வெளியே போகாதீங்க, இங்கேயே உட்காருங்க. திரும்பலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். உள்ள இன்னும் நூல் இருக்கான்னு கீறித்தான் பாக்கணும்."

கீறி. அந்த ஒரு சொல் அவன் காதிலேயே நின்றது.

ஜன்னலோரம் உட்கார்ந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பா அழுது ஓய்ந்து, விக்கி விக்கித் தூங்கிவிட்டாள். நாவல் பழ நிறம் அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் மாறாது என்று தோன்றி, பார்வையைத் திருப்பினான். திருப்பினால் கெட்டதாக ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றி, மறுபடி பார்த்தான். வெளியே பஸ் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தான். அவளிடம் எப்படிச் சொல்வது?

போன் அடித்தது.

"என்னங்க, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க? இப்பத்தான் கடைசி ஸ்டாப்ல இறங்கிப் பார்த்தேன். பாப்பா எங்க?"

"மடியில இருக்கா. தூங்குறா."

"அப்புறம் ஏன் உங்க குரல் இப்படி இருக்கு?"

"நூல்..." என்றான். "கால் விரல்ல நூல் சுத்திடுச்சு. நான் கிழிச்ச துணியோட நூல். கிளினிக்ல இருக்கேன். நீ வா."

டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல், சீருடை நனைய வந்து நின்றாள். நேராகக் குழந்தையின் காலடியில் மண்டியிட்டாள். அவன் அடியை எதிர்பார்ப்பவன் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்க பாருங்க," என்றாள். "நகத்துப் பக்கம்."

நகத்தைச் சுற்றி மெல்லிய ரோஜா நிறம் ஏறியிருந்தது. அவன் நம்பவில்லை. டாக்டரைக் கூப்பிட்டான். டாக்டர் வந்து நகத்தை அமுக்கிப் பிடித்து, பிறகு விட்டாள். வெளுத்த இடம் மெதுவாகச் சிவந்தது.

"ரத்தம் ஓடுது. விரல் தப்பிச்சுது," என்றாள் டாக்டர். "நாளைக்கும் கொண்டு வந்து காட்டுங்க."

அப்போதுதான் உச்சி அழுதான். வாயைப் பொத்திக்கொண்டு, வரிசையில் இருந்தவர்கள் முன்னால், தோள் குலுங்க அழுதான். மனைவி அவன் முதுகில் கை வைத்தாள்.

"நீ ஓரம் அடிக்கச் சொன்னே," என்றான்.

"சொன்னேன்தான். டெய்லர்கிட்ட நானும் கொண்டுபோகலையே. நானுந்தான் அதே காலுறையைப் போட்டுவிட்டேன்." குழந்தையைத் துண்டோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "எழுந்திருங்க. வீட்டையாவது பூட்டிட்டு வந்தீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் கயிற்றில் இருந்த அத்தனை துணியையும் அவன் உருவி மூட்டையாகக் கட்டி, தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோனான். டெய்லர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இடுப்புத்துணிக்கா ஓரம்? இவ்வளவு மெனக்கெடணுமா அண்ணே?" என்றான். "ரெண்டு தடவை அடி. நூல் ஒண்ணு வெளியே தெரிஞ்சாலும் நான் வாங்க மாட்டேன்" என்றான் உச்சி. அவன் முகத்தைப் பார்த்த டெய்லர் உடனே மிஷினில் நூல் கோத்தான்.

மறுநாள் காலை அவள் சீருடை போட்டுக்கொண்டு நின்றாள். அவன் கதவை மறித்தான்.

"இன்னைக்கு மட்டும் லீவு போடேன். என்னால தனியா முடியாது. பயமா இருக்கு."

"எனக்கு இல்லையா? நேத்து பஸ் ஸ்டாண்டுல இருந்து கிளினிக் வர்ற வரைக்கும் எத்தனை விரல் போச்சோன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன். இன்னைக்கு நான் இருந்தா, நாளைக்கும் நீங்க இதையேதான் சொல்வீங்க." கதவருகே நின்று திரும்பினாள். "அவளோட கிடந்து பயப்படுங்க. பயந்துக்கிட்டே பாத்துக்கங்க. அது போதும்."

போய்விட்டாள். மழை விட்டிருந்தது. பாப்பா விழித்து, கூரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். துணி நனைந்திருந்தது. ஓரம் அடித்த துணி ஒன்றை எடுத்து, நாலு ஓரமும் விரலால் தடவிப் பார்த்து, மடித்துக் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. வீங்கிய விரலில் மருந்து தடவினான். வளையம் இன்னும் சிவப்பாக இருந்தது.

அன்று காலை முழுவதும் பாப்பா ஒரு தடவைகூட அழவில்லை. அதற்கும் அவனுக்குப் பயமாக இருந்தது. தூங்குகிறவளின் மூக்கருகே விரலை வைத்து, வெதுவெதுப்பாக மூச்சு படும்வரை எடுக்காமல் நின்றான்.