குளத்தில் விட்ட ஆமை

ஆவி, பேய் என்று யாராவது என் கடையில் பேச்சை எடுத்தால் நான் எழுந்து மீனுக்குத் தீனி போடப் போய்விடுவேன். எனக்கு அதிலெல்லாம் அவ்வளவுதான் மரியாதை. சங்கரன்கோவில்காரன், புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசிக்கொள்வேன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் உண்டியலில் வெள்ளிப் பாம்பு போடுவேன், அது சாமி காரியம், வேறு. செத்தவர்கள் வருவார்கள் என்று ஒருநாளும் நம்பியதில்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்டால் பதில் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் சரி.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கலர் மீன் கடை வைத்திருக்கிறேன். முன்பு ஆமைக்குட்டியும் விற்றேன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட வெளிநாட்டு ஆமை, உள்ளங்கையில் நாலைந்து அடங்கும், ராசி ஆமை என்று சொன்னால் போதும், வீட்டுக்கு வீடு வாங்கிப் போவார்கள். அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. வளர்ந்ததும் தொட்டி நாறும், விரலைக் கடிக்கும், கொல்லவும் மனசு வராது, ஏதாவது குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் விட்டார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நந்தினி மேடம் என்று ஒருவர் கடைக்கு வந்தார். பாம்பு, ஆமை, ஓணான் இவற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். திட்டத்தான் போகிறார் என்று பார்த்தால், "ஒரு மணி நேரம் என்கூட வாங்க அண்ணாச்சி" என்று ஜீப்பில் ஏற்றி, வாசுதேவநல்லூர் போகிற வழியில் ஒரு குளத்துக்குக் கூட்டிப் போனார். கரையோரம் ஒரு கருவேல மரம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது எல்லாம் நான் விற்ற ஜாதி. கீழே நம் ஊர்க் கறுப்பாமை ஒன்று ஏறப் பார்த்து, இடமில்லாமல் தண்ணீரில் விழுந்து, மறுபடி ஏறப் பார்த்து, மறுபடி விழுந்தது.

"வெயில் காயலேன்னா அதுக்குத் தின்னது செரிக்காது. கொஞ்சம் கொஞ்சமா நொந்து செத்துரும். இங்கன நம்ம ஊருப் பாலாமை நிறைய கெடந்திருக்கு, இப்ப ஒண்ணுகூட கண்ணுல படல" என்றார். அன்றோடு ஆமை விற்பதை நிறுத்தினேன். குளத்திலிருந்து அந்த ஆமைகளைப் பிடிக்கிற வேலைக்கும் நானே கூடப் போனேன்.

மிதக்கிற கூண்டு அது. ஆமை சாய்வுப் பலகையில் ஏறி வெயில் காயும், உள்பக்கம் குதித்தால் வலைக்குள் விழும். நம் ஊர் ஆமை என்றால் அங்கேயே விட்டுவிடுவோம். வெளிநாட்டு ஆமை என்றால் பெட்டிக்குள் போகும், திரும்பக் குளத்தைப் பார்க்காது. நோய் பிடித்ததை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைப்பார்கள். அதுவும் ஓர் உயிர்தானே, அது என்ன தப்பு செய்தது? கூப்பிட்டு வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது நாம். விற்ற கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு பெண் கரையில் வந்து நின்றார். ஊருக்குள் தையல் கடை வைத்திருக்கிற ஸ்டெல்லா. கழுத்தில் அளவு டேப் தொங்கியபடியே வந்திருந்தார்.

"முருகேசண்ணாச்சி, என்னத் தெரியுதா? ஜெனி அம்மா."

தெரிந்தது. அதற்கு முந்தின வருஷம் ஜெனி இரண்டாம் வகுப்பு. யூனிஃபார்மோடு கடைக்கு வந்து தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இது எத்தன வருசம் உயிரோட இருக்கும் கடைக்கார மாமா?" என்று கேட்ட பிள்ளை. "உன் கல்யாணத்துக்கும் இது இருக்கும் பாப்பா" என்று சிரித்துக்கொண்டே விற்றேன். ஆறேழு மாதத்தில் காய்ச்சல் வந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நாலே நாளில் அந்தப் பிள்ளை போய்விட்டது.

"அவ போனப்புறம் அந்த ஆமை கண்ணாடிய பிறாண்டிக்கிட்டே கெடக்கும் அண்ணாச்சி. அவளத் தேடுத மாதிரியே இருக்கும். என்னால பாக்க முடியல. அவுக அப்பாதான் இந்தக் குளத்துல கொண்டாந்து விட்டாக. அது கெடச்சா எனக்குத் தந்துருங்க. முதுகுல நகப்பாலிஷ வச்சு அவ பேருல முத எழுத்து எழுதியிருந்தா."

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இந்த ஆமை முதுகு ஓட்டு மேல இருக்கிற தகட்ட வருசத்துக்கு ஒரு தடவ உரிச்சுப் போட்டுரும். பாலிஷ் அதோட போயிருக்கும். இனி எது உங்க ஆமைன்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா."

தலையை ஆட்டினார். ஆனாலும் தினம் சாப்பாட்டு நேரத்தில் வருவார், பெட்டிக்குள் குனிந்து ஒவ்வொரு முதுகாகப் பார்ப்பார், போவார். கடைசி நாளுக்கு முந்தின நாள், "இனி வரல அண்ணாச்சி, கடையில தச்சுக் குடுக்க வேண்டியது கெடக்கு" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சி வெயில். கூண்டுகளை எல்லாம் எடுத்தாயிற்று. மேடம் பெட்டிகளை ஏற்ற ரோட்டுக்குப் போயிருந்தார், நான் மட்டும் கரையில் உட்கார்ந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். காற்று அசையவில்லை.

"கடைக்கார மாமா."

திரும்பிப் பார்த்தேன். கரை நெடுக யாரும் இல்லை. ரோட்டில் போகிற பஸ்ஸில் ஏதோ பிள்ளை கத்தியிருக்கும் என்று நினைத்து வலையைப் பிடித்தேன். மறுபடியும் அதே குரல், இந்தத் தடவை என் காதோரம், பக்கத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி. பிறகுதான் கீழே பார்த்தேன். என் காலடியில் ஒரு ஆமை இருந்தது.

தண்ணீர் இருபதடிக்கு அந்தப் பக்கம். நடுவில் மாவு மாதிரிப் புழுதி, கோழி நடந்தாலும் தடம் தெரியும். ஆமை நடந்து வந்த தடம் இல்லை. என் செருப்புத் தடத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. முதுகின் நடுத் தகட்டில் ரோஸ் கலரில் ஒரு எழுத்து, 'ஜெ'. கொம்பு மட்டும் தலை திரும்பிக் கிடந்தது, சின்னப் பிள்ளைகள் போடுவார்களே அப்படி. தூக்கினேன். என் கட்டைவிரலில் ரோஸ் நிறம் ஒட்டியது. ஈரம். நகப்பாலிஷ் வாடை குப்பென்று அடித்தது.

மேடம் திரும்பி வந்து பார்த்தார். "யாரு வந்தா அண்ணாச்சி?"

"யாரும் வரல மேடம்."

விரலால் தொட்டு முகர்ந்தார். கரையின் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதற்கும் ஒரு காரணம் சொல்கிறவர், ஆமையை என் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

நேராகத் தையல் கடைக்குப் போனோம். ஸ்டெல்லா மெஷினை நிறுத்திவிட்டு ஆமையை வாங்கி மடியில் வைத்தார். அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். அதற்குள் காய்ந்திருந்தது. "இப்படித்தான் எழுதுவா. கொம்ப எப்பவும் திருப்பித்தான் போடுவா. டீச்சர் எத்தன மட்டம் சொல்லியும் கேக்க மாட்டா" என்றவர் ஆமையை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். நான் அப்படி ஓர் அழுகையை அதற்குப் பிறகு கேட்டதில்லை.

"பொய் சொல்லி வித்தேன்மா. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"அவ கடைசியா சிரிச்சது இதப் பாத்துதான் அண்ணாச்சி. நீங்க வருத்தப்படாதிய."

பெரிய தொட்டியில் வைக்க வேண்டும், எந்தக் காலத்திலும் குளத்தில் விடக் கூடாது என்று மேடம் சொன்னார். ஸ்டெல்லா சத்தியம் செய்தார். தொட்டி நான் கட்டிக் கொடுத்தேன், மாதம் ஒருமுறை போய்க் கழுவிக் கொடுப்பேன்.

இதோடு முடிந்திருந்தால் வெயிலில் மண்டை குழம்பிப்போயிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லியிருப்பேன். அந்த வருஷக் கடைசியில் ஆமை தோல் உரித்தது. எழுத்து இருந்த தகடு கண்ணாடித் தாள் மாதிரிக் கழன்று தண்ணீரில் மிதந்தது, ரோஸ் எழுத்தும் அதோடு வந்துவிட்டது. முதுகு சுத்தமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதி. ஸ்டெல்லாதான் அந்தத் தகட்டைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் போன். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க அண்ணாச்சி."

முதுகில் மறுபடியும் 'ஜெ'. வீட்டில் அவரும் கணவரும்தான், நகப்பாலிஷ் என்று ஒரு பொருளே அந்த வீட்டில் இல்லை. அவரே எழுதுகிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அடுத்த வருஷம் தோல் உரிக்கிற நேரம் பார்த்துத் தொட்டியை என் கடைக்கே கொண்டுவந்து, ராத்திரி பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாடை அடித்தது.

அதன் பிறகு நான் சோதிக்கவில்லை. மேடத்திடம் போனில் சொன்னேன். "அந்த அக்கா நல்லா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் தொட்டி கழுவப் போயிருந்தேன். உரித்த தகடுகளை எல்லாம் ஸ்டெல்லா ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். அன்றைக்கு எதற்கோ அவற்றை மேஜையில் வரிசையாகப் பரப்பிக் காட்டினார். முதல் இரண்டில் கொம்பு திரும்பித்தான் இருந்தது. மூன்றாவதில் சரியாகிவிட்டது. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் எழுத்து சீராகி, நடுக்கம் போய், லேசாகச் சாய்ந்து அழகாகி வந்தது. பிறகு ஆமையைத் தூக்கி இந்த வருஷத்து எழுத்தைக் காட்டினார். 'ஜெனி' என்று முழுப் பெயர், சேர்த்துக் கிறுக்கிய மாதிரி வேகமாக எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆமையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் பத்தாவதுல்லா அண்ணாச்சி. ஹால் டிக்கெட்டுல கையெழுத்து போடணும்லா."