நவமியன்று எடுத்த மட்டைகள்

எங்கள் வீட்டில் மிக்ஸிக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அண்ணனின் லேப்டாப்புக்கு உண்டு, அப்பாவின் கால்குலேட்டருக்கு உண்டு, அம்மாவின் தையல் மெஷினுக்கு உண்டு, ஓடாமல் கிடக்கிற பழைய ஸ்கூட்டரின் சாவிக்குக்கூட உண்டு. என் கோல்ஃப் மட்டைகளுக்கு மட்டும் எந்தச் சரஸ்வதி பூஜையிலும் கிடையாது. அவை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிழிந்த குடைகளோடு நிற்கும். நான் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். ஆனால் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிற அந்த மிக்ஸியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருவனந்தபுரத்தில் இருக்கிற எங்களைப் போன்ற நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்குப் பாதி அங்கத்து வழக்கம், பாதி இங்கத்து வழக்கம். அஷ்டமி சாயங்காலமே சாமான்களைப் பூஜைக்கு வைத்துவிடுவோம். நவமி முழுக்க அவற்றைத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கு இதைவிடப் பிடித்த சட்டம் இருந்ததில்லை. நவமியன்று யாரும் என்னைப் படி என்று சொல்ல முடியாது.

நான் தொழில்முறையாகக் கோல்ஃப் ஆடுகிறவள். பெண்களுக்கான போட்டிகள் நடக்கிற ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருப்பேன். வருஷத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான் கழியும். தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே தொடங்கிவிடும். அந்த நீளப் பையைப் பார்த்து ஒருவர் கிட்டாரா என்பார், இன்னொருவர் கிரிக்கெட்டா என்பார். போய் இறங்கினால் லாட்ஜில், கூட யாரும் வரவில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தருவார்கள். இன்னொரு ஆட்டக்காரியோடு அறையைப் பகிர்ந்துகொள்வேன். ஜன்னல் கம்பியில் இருவருடைய காலுறையும் காயும். விடிவதற்கு முன்பே மைதானத்துக்குப் போனால், கிளப் உறுப்பினர்கள் ஆடி முடிக்கட்டும் என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். பெண்கள்தானே, காத்திருக்கட்டும்.

ஊருக்குத் திரும்பினால் சொந்தக்காரர்கள். இடது கையில் மட்டும் உறை போட்டு ஆடுவதால் எனக்கு வலது கை கறுத்தும் இடது கை வெளுத்தும் இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் சித்தி என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்னட்டி, ஒரு கை மட்டும் வெளுத்திருக்கு? டாக்டர்ட்ட காட்டினியா?"

"வெயில்ல ஆடுறதுல்லா சித்தி. அதாக்கும் எனக்கு வேலை."

"அது செரி. வேலை என்ன பாக்க?"

இலையில் இருந்த பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் என் ஆட்டம் படு மோசம். மணிக்கட்டு வலி வேறு. வருஷத்தின் கடைசிப் போட்டி பெங்களூரில், பூஜை விடுமுறையை ஒட்டி வந்தது. அதில் நன்றாக ஆடினால் அடுத்த வருஷமும் எல்லாப் போட்டிகளிலும் நேராக ஆடலாம். இல்லாவிட்டால் அந்த அனுமதி போய்விடும். புதிதாக வருகிற பிள்ளைகளோடு தகுதிச் சுற்றில் ஆடி மறுபடி வாங்க வேண்டும். அந்த வயதில், அந்த மணிக்கட்டோடு, அது நடக்காது என்று எனக்குத் தெரியும். நவமி சாயங்காலம் ரயில். விடுமுறைக் கூட்டத்தில் வேறு எதிலும் இடம் இல்லை. வீட்டுக்கு வந்ததுமே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவளும் சரி என்றாள். அடுக்களையில் வேலையாக இருந்தவள் சொன்ன சரி அது. நான்தான் அதை நம்பினேன்.

அஷ்டமி சாயங்காலம் மணிக்கட்டைக் காட்டப் பிசியோதெரபிஸ்டிடம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குடைகள் மட்டும் நின்றன. பதறிப்போய்த் தேடினேன். பூஜை அறையில், சிவப்புப் பட்டின் மேல், என் பதினான்கு மட்டைகளும் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். எல்லாவற்றிலும் பெரிய மட்டைக்குச் செம்பருத்தி மாலை.

"பேப்பர்ல உனக்க போட்டோ வந்ததுல்லா," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "எதிர் வீட்டுச் சேச்சி கொண்டுவந்து காட்டினா. அப்பம்தான் நெனச்சேன், எல்லாத்தையும் வைக்கோம், பிள்ளைக்க கம்பை வைக்கலியேன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷத்துக் கோபமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"நாளைக்குப் போகும்போ நானே எடுத்துக்கிடட்டா?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நாளைக்கா? நாளைக்கு நவமில்லா மக்ளே. எடுக்கப்பிடாது."

வருஷக்கணக்காகத் திரும்பிப் பார்க்காதவள், வைக்கக் கூடாத ஒரே வருஷத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா? ரயிலைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சமாதானத்துக்கு வந்தார்.

"ஒரு நாள் பிந்திப் போனா என்ன? சொன்னா கேக்க மாட்டாங்களா அவங்க?"

"அஞ்சு நிமிஷம் பிந்தினாலே ஆட விட மாட்டாங்கப்பா."

"அப்பம் அங்க போய் யார்ட்டயாவது வாங்கிக்கோ," என்றாள் அம்மா. "கம்புதானே. அத்தனை பேர் வருவாங்கல்லா?"

அந்த மட்டைகள் என் உயரத்துக்கு அளந்து வெட்டியவை. பிடி என் கைக்கு ஏற்றாற்போல் சுற்றியது. அடுத்தவள் மட்டையை வாங்கி ஆடு என்பது அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வதுபோல. அதையும் சொன்னேன். கேட்டால்தானே. சாமி காரியத்தில் வாதம் பண்ணாதே என்று முடித்துவிட்டார்கள். காலையில் எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று படுக்கப் போனேன். அவர்கள் மனம் நோகாமல் எடுக்க வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். மடச்சி.

நவமியன்று காலையிலும் பேச்சு எடுபடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனுக்குப் போன் வந்தது. மலையாளத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "ஆபீஸ்ல என்னமோ பிராப்ளம், லாகின் பண்ணணும்," என்று எழுந்தான். அம்மா கையைக் கழுவிக்கொண்டு அவனுக்கு முன்னால் பூஜை அறைக்குப் போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லேப்டாப்பின் மேலிருந்த பூவை எடுத்து ஓரமாக வைத்தாள். முந்தானையால் குங்குமத்தைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். அப்பா மோருக்குக் கை நீட்டினார். அண்ணன் என்னைப் பார்க்காமல் மாடி ஏறினான்.

நான் பிசைந்த சோற்றை ஓரமாகத் தள்ளினேன்.

"அம்மா, இன்னைக்கு நவமில்லா?"

"அவனுக்கு வேலைல்லா பிள்ளே."

"எனக்கு?"

அம்மா பாத்திரங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். சண்டைக்கு வரவில்லை, எனக்குப் புரியாததைப் பொறுமையாக விளக்குகிறவள்போலப் பேசினாள். "அவனுக்கு மேல ஆளு இருக்கு, கேட்டியா. எடுக்கலேன்னா கேப்பாங்க. உன்னைய யாரு கேக்கப்போறா?"

இத்தனை வருஷம் லாட்ஜிலும் ரயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்டதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். உண்மைதான், என்னைக் கேட்க ஆளில்லை. நான் பெங்களூர் போய்ச் சேராவிட்டால் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் நான் போக வேண்டும். இதை நான் சொன்னேனா, கத்தினேனா என்று ஞாபகமில்லை. எச்சில் கையோடு எழுந்தது ஞாபகம் இருக்கிறது. கையைக் கழுவிவிட்டுப் பூஜை அறைக்குள் போனேன். மாலையைக் கழற்றிப் படத்துக்குப் போட்டேன். மட்டைகளை ஒவ்வொன்றாகப் பையில் இறக்கினேன்.

அப்பா வாசலில் வந்து நின்று, "சொன்னா கேளு," என்றார். அம்மா அவரை விலக்கினாள். "எடுக்கட்டும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைய சொல்லப்பிடாது." மாடியில் அண்ணன் லேப்டாப்பில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்தேன்.

மட்டையின் முகத்தில் கோடு கோடாகப் பள்ளங்கள் இருக்கும். அதற்குள் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. ரயிலில் வாஷ்பேசின் பக்கத்தில் நின்று, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். தேய்க்கத் தேய்க்க ஆத்திரம்தான் ஏறியது. சந்தன மணத்தை நான் வெறுத்தது அன்றைக்குத்தான்.

மூன்று நாள் ஆட்டம். அதை அழகாக ஆடினேன் என்று சொல்ல மாட்டேன். மணிக்கட்டில் பிளாஸ்டர் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். கடைசி நாள், கடைசிக் குழி. பந்து புல்தரையின் ஓரத்தில் கிடந்தது, குழிக்கும் அதற்கும் நடுவில் ஒரு மேடு. இரண்டு தட்டில் உள்ளே போட்டால் அடுத்த வருஷமும் நான் ஆட்டக்காரி, மூன்றானால் இல்லை. முதல் தட்டு மேட்டைத் தாண்டி, குழியையும் தாண்டி ஓடியது. இரண்டாவதற்குக் குனிந்து நின்றேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்று அம்மா சொன்னதுதான் காதில் ஒலித்தது. சனியனே, போ உள்ளே என்று பந்தைத் திட்டிக்கொண்டே தட்டினேன். போயிற்று.

வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் குரல் அப்படியே பூரித்துப்போனது.

"நான் சொன்னேன்லா? பூஜைல வச்சதுக்க பலனாக்கும்."

தோளில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"அம்மா, பந்தை யாரு அடிச்சா?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லு. யாரு அடிச்சா?"

அவளுக்குப் பின்னால் டிவி ஓடுவது கேட்டது. நான் போனை வைக்கவில்லை.

"நீதான்," என்றாள் மெதுவாக.

"அப்பாவும் அண்ணனும் அங்க இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களுக்குக் கேக்கும்படியா சொல்லு."

டிவி சத்தம் நின்றது. போனை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்திருக்க வேண்டும், குரல் தள்ளிக் கேட்டது. "பிள்ளைக்கு அடுத்த வருஷமும் ஆடலாமாம்," என்று அவர்களிடம் சொன்னாள். சற்று நிறுத்தி, "அவளே அடிச்சு வாங்கியிருக்கா," என்றாள்.