ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மறதி வகுப்பு

மறதி நோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுப்பது என் தொழில். தேயிலை மலைகளுக்கு நடுவே, ஹட்டனில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, சிக்னல் கிடைத்தால் பாடம், கிடைக்காவிட்டால் பிரார்த்தனை என்று நடத்துகிறேன். ஒரே கேள்விக்கு ஒரு நாளில் நாற்பது தடவை பதில் சொன்னவர் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி.

தண்ணி டேங்கி பாடம்

முதல் வகுப்புக்குப் பத்துப் பேர் வந்தார்கள். கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் செல்வி. அவருக்கு லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற தண்ணி டேங்கியடியில்தான் சிக்னல் கிடைக்கும். மறதி நோய் வந்த மாமியார் அவரைக் கண்ணை விட்டு அகல விடமாட்டார். ஆகவே மருமகள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்க, மருமகளின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு மாமியாரும் நின்றார்.

அன்றைக்குப் பாடம், நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பது. நான் உற்சாகமாக மடமடவென்று பேசிக்கொண்டே போனேன். பாதியில் லைன் கெட்டுப்போய் என் குரல் விட்டு விட்டுக் கேட்டிருக்கிறது. கால் மணி நேரம் கழித்துச் சரியானது. நான் மன்னிப்புக் கேட்டேன். செல்வி சொன்னார்:

"ஐயோ, அத ஏன் மிஸ் சரி பண்ணுனீங்க? துண்டு துண்டா பேசினப்பதான் மாமிக்கு எல்லாம் வெளங்குச்சு!"

பெரட்டு

கினிகத்தேனை ராஜேந்திரன் பார்த்துக்கொள்கிற அப்பா முப்பது வருஷம் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மூன்றாவது வகுப்பில் மகனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஃபோனில் வரிசை வரிசையாக முகங்கள். காலையில் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு என்றே முடிவு செய்துவிட்டார். "மணி என்னா? இன்னும் ஒருத்தரும் மலைக்குப் போகல!" என்று ஒரு சத்தம்.

நோயாளிகளோடு வாதாடக் கூடாது என்று அப்போதுதான் அரை மணி நேரம் பாடம் நடத்தி முடித்திருந்தேன். முடித்த கையோடு, "ஐயா, இது பெரட்டு இல்ல, வகுப்பு" என்று வாதாடினேன். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ராஜேந்திரன் பதறிப்போனார். காப்பாற்றியது செல்விதான். "ஐயா, நான் வந்துட்டேங்க. எந்த மலைக்குப் போகணும்?" என்று கேட்டார். பெரியவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஏழாம் நம்பருக்குப் போ." செல்வி கேமராவை அணைத்தார். அடுத்தவருக்கு நாலாம் நம்பர். ஒவ்வொருவராகக் கும்பிடு போட்டுவிட்டு மறைந்தார்கள். கடைசியில் திரையில் நான் மட்டும். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொழுந்துக் கூட காலியா இருக்கே, தாயி!"

பத்துச் சாட்சி

"இந்த வாரம் உங்களுக்காக நீங்கள் செய்துகொண்ட ஒரு காரியம்" என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். ராஜேந்திரன் முடி வெட்டிக்கொண்டாராம். அடுத்தது செல்வி. மைக்கை மூடிவிட்டதாக நினைத்தார், மூடவில்லை. "திருடி! என் கம்மல எங்க வச்ச?" என்று மாமியார் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. செல்வி பதற்றத்தில் எதையோ அமுக்க, கேமராவும் திறந்துகொண்டது. கம்மல் மாமியாரின் காதிலேயே மின்னிக்கொண்டிருந்தது. மொத்த வகுப்பும் ஒரே குரலில், "காதுல இருக்கு!" என்று கத்தியது.

மாமியார் ஃபோனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"கேட்டியாடி? நீ எடுத்ததுக்குப் பத்துப் பேரு சாட்சி சொல்றாங்க!"

விருந்தாளி

சிரித்து ஓய்ந்த பிறகு செல்வி அழுதார். புருஷனுக்குக் கொழும்பில் வேலை. செல்வி எட்டு மாதமாகத் தோட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. கண் மங்கலாகிறது, நுவரெலியாவுக்குப் போய்க் கண்ணாடி வாங்க ஒரு பகல் போதும், அதற்குக்கூட வழியில்லை. "மருந்துச் சீட்டு எழுத்தே தெரியல மிஸ். ஒரு நாள் மாத்திக் குடுத்துருவேனோன்னு பயமா இருக்கு" என்றார். என்னிடமிருந்த பாடப் படங்களில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை. ராஜேந்திரன்தான் பேசினார். "நம்மகிட்ட ஆட்டோ இருக்கு. அப்பாவக் கூட்டிக்கிட்டு அங்கயே வந்துர்றேன். ஒருத்தரப் பாக்குற எடத்துல ரெண்டு பேரப் பாத்தா என்ன?"

அடுத்த வாரமே வந்துவிட்டார். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் அக்காவும் துணைக்கு உட்கார்ந்தார். செல்வி தைரியத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். மாமியார் கத்துவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் கங்காணியிடம், "பிள்ளைங்க எத்தனைங்க?" என்று கேட்டார். "நாலு." "அப்படிங்களா!" பத்து நிமிஷம் கழித்து, "பிள்ளைங்க எத்தனைங்க?" "நாலு." "அப்படிங்களா!" ஐந்து மணி நேரம் இரண்டு பேருக்கும் சலிக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த ராஜேந்திரன்தான் வெளியே போய் ஆட்டோவில் படுத்துக்கொண்டார்.

சாயந்திரம் செல்வி புதுக் கண்ணாடியோடு வாசலில் வந்து நின்றார். கண்ணாடி போட்ட முகம் மாமியாருக்கு அடையாளம் தெரியவில்லை. "வாம்மா, உக்காரு. என் மருமக வெளிய போயிருக்கா. அவ இல்லன்னா எனக்குச் சோறே எறங்காது. தங்கமான புள்ள" என்றாராம். செல்வி தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. ராஜேந்திரன் போட்ட தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, தன் பெருமை முழுவதையும் கேட்டு முடித்தார். அடுத்த வகுப்பில் அதை எங்களுக்குச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

"நானும் விடல, மிஸ். அந்தப் புள்ள எப்ப வரும்னு மூணு தடவ கேட்டேன்!"

ஆக, மறதிக்கு இன்னும் மருந்து வரவில்லை. பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை கினிகத்தேனையிலிருந்து ஓர் ஆட்டோ வருகிறது.