நகைமுகத்துக்கு ஒட்டியாணம்

சாமல்பட்டி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த நாராயணப்பனுக்கு இரண்டு வித்தைகள் தெரியும் என்று ஊர் நம்பியது. ஒன்று போட்டோ, இன்னொன்று தமிழ். இரண்டுமே தெரியாது என்று ஊர் கண்டுபிடிக்க ஐந்து வருஷம் பிடித்தது. அவர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வே லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வாசல் நாராயணப்பன் வாசல். நடுவே ஒரு செங்கல் சுவர்தான். ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது, பாதி சுவர் சொன்னது. சுவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். அதற்கு நான் பொறுப்பில்லை.

1951இல் வேலையை விட்டுப் போன ஓர் எஞ்சின் டிரைவர் தன் பெட்டி காமிராவை நாராயணப்பனிடம் கொடுத்துவிட்டுப் போனார். தபால்பெட்டி குட்டி போட்டாற்போல் கன்னங்கரேலென்று இருக்கும். ஒரு பிலிம் சுருளில் எட்டுப் படம். ஒன்று எடுத்ததும் பக்கத்திலுள்ள சாவியைத் திருகிச் சுருளை நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் அடுத்த படமும் அதன் தலையிலேயே விழும். நாராயணப்பன் திருக மறப்பார். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று டிரைவர் சொல்லிக்கொடுத்ததை மட்டும் மறக்கமாட்டார். அதனால் அவர் எடுத்த ஒவ்வொரு படத்திலும் கீழே தொப்பி வைத்த நிழல் ஒன்று நீட்டிப் படுத்திருக்கும். இந்தியாவின் எல்லாப் புண்ணியத் தலங்களிலும் விழுந்து கும்பிட்ட நிழல் அது ஒன்றுதான்.

ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊர் போய்வர இலவசப் பாஸ் உண்டு. மற்றவர்கள் மாமியார் வீட்டுக்கும் குலதெய்வத்துக்கும் போவார்கள். நாராயணப்பன் காட்சி எடுக்கப் போவார். ராமேசுவரம், மைசூர், ஆக்ரா, கன்னியாகுமரி. திரும்பி வந்ததும் சென்னைப் பத்திரிகைகள் நடத்தும் போட்டோப் போட்டிகளுக்கு அனுப்புவார். ராமேசுவரத்துக் கோபுரத்தின் மேல் எங்கள் பால்கார மாரம்மாவின் எருமை நின்றுகொண்டிருந்தது. சாவி திருகாத புண்ணியம். "எருமை அவ்வளவு ஒசரம் ஏறுமா?" என்று மாரம்மா பயந்துபோய், மறுநாளிலிருந்து அதைக் கட்டிப்போட ஆரம்பித்தாள். பத்திரிகைக்காரர்கள் பதிலே போடவில்லை. சிரித்து முடித்தால்தானே பதில் எழுத முடியும்?

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அவருடைய மனைவி நாகம்மா இருந்தாள். எதற்கு? அளவுகோலாக. "பக்கத்துல ஆள் நின்னாத்தான் கட்டடத்தோட ஒசரம் தெரியும்" என்பார். கட்டடத்தின் அடிவாரத்தில் அவளை நிறுத்திவிட்டு, இவர் பின்னால் நடப்பார், நடப்பார், அடுத்த ஜில்லா வரும்வரை நடப்பார். படத்தில் நாகம்மா ஒரு கட்டெறும்பு.

நாகம்மா ஓசூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், சந்தையில் தெலுங்கு. நாலாம் வகுப்புவரை கன்னடப் பள்ளிக்கூடம். அவளுக்கு ஒரே அக்கா, கெம்பம்மா. ஹூப்ளி ரயில்வே பட்டறையில் வேலை செய்பவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அக்காளும் தங்கையும் பார்த்து எட்டு வருஷம். 'உன் முகமே மறந்துவிடும் போலிருக்கிறது, ஒரு படமாவது அனுப்பு' என்று கெம்பம்மா கடிதம் எழுதினாள். நாகம்மா ஆக்ராப் படத்தை அனுப்பினாள். பதில் வந்தது: 'வெள்ளைக் கட்டடம் நன்றாக இருக்கிறது. நீ எங்கே?'

அந்தக் கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டினாள். அன்று அவள் அழவில்லை. "எக்கா, இந்த வருசம் பாஸு ஹூப்ளிக்குத்தான். எப்படின்னு மட்டும் தெரியல" என்றாள்.

வழி தானாக வந்தது. 1956 மார்கழியில் ஒரு மாத இதழ் புதுப் போட்டி அறிவித்தது. அதன் ஆசிரியர் தனித்தமிழ்ப் பற்றுள்ளவர். போட்டோ என்று எழுதினால் பேனாவைக் கழுவுகிற ரகம். அறிவிப்பு இதுதான்: 'விடுமுறைப் பயணத்தில் தாங்கள் எடுத்த நகைமுகம் ஒன்றை அனுப்புக.'

நாராயணப்பன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்தார். கொடி காட்டும் மாதப்பன் கேட்டுக்கொண்டு நின்றான்.

"நகைமுகம்னா என்னாங்க கிளார்க்கய்யா?"

"நகை போட்ட முகம்டா. பொம்பளைங்க அலங்காரம். இத்தன நாளா கோபுரம் கோபுரமா அனுப்பித் தோத்தன். இப்பத்தான வெசயம் தெரியுது!"

சாப்பாட்டுத் தூக்குடன் வந்த நாகம்மா, "நகைன்னா சிரிப்பில்லைங்களா? எங்க கன்னடத்துல நகெ, நகுன்னா சிரிப்பு. நகெமுகம்னா சிரிச்ச மூஞ்சி" என்றாள்.

"நீ கம்முனு இரு. கன்னடத்துச் சிரிப்பு தமிழ்நாட்டுல எப்படிச் செல்லும்? நான் பத்தாவதுல தமிழ்ல மொத மார்க்கு."

மொத மார்க்கு! புன்னகை, புன்னகை என்று வாய்க்கு வாய் சொல்கிற மனிதர், அதற்குள் இருக்கும் நகையை எந்தத் தட்டான் அடித்தான் என்று ஒரு நாளாவது யோசிக்க வேண்டாமா? நகைச்சுவை என்றால் காசுமாலையை நக்கிப் பார்ப்பது என்று நினைத்திருப்பார் போலும். நாலாம் வகுப்புக் கன்னடம் கையில் வெளிச்சம் பிடித்து நின்றது. பத்தாம் வகுப்புத் தமிழ் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்கியது.

நாகம்மா வாதாடவில்லை. "சரிங்க. இதுலயும் வரலேன்னா?"

"வராம எங்க போவும்?"

"வரலேன்னா அடுத்த பாஸு ஹூப்ளிக்கு. சூடத்தை அணைச்சுச் சொல்லுங்க."

ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடி மாரியம்மன். எங்கள் பக்கம் அம்மன் முன் கொளுத்திய சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை மீறினால் கை விளங்காமல் போகும். மாதப்பன் சூடத்தை ஏற்றினான். "இந்தத் தடவையும் நான் அச்சுல வரலேன்னா, அடுத்த பாஸு ஹூப்ளிக்கு. வந்துட்டா காஷ்மீருக்கு. அப்புறம் ஹூப்ளிங்கற பேச்சே இந்த வீட்டுல கூடாது" என்று நாராயணப்பன் அடித்து அணைத்தார். கை சுட்டு இரண்டு நாள் டிக்கெட்டை இடது கையால் கொடுத்தார்.

பிறகு நகை வேட்டை. வீட்டில் இருந்தது தாலியும் ஒரு ஜோடிக் கம்மலும். அவர் போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய், தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டும் மாரிசாமியைப் பிடித்தார். மாரிசாமி ஆறடி ஆள். இரண்டு ஆள் ஒரு வேட்டி கட்டிய அகலம். அவனுடைய கில்ட்டு நகை ஒரு தகரப்பெட்டி நிறைய வந்தது. நெற்றிச்சுட்டி, புல்லாக்கு, அட்டிகை, வங்கி, ஒட்டியாணம். ஒட்டியாணம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடலாம் போல இருந்தது. நாகம்மாவின் இடுப்பை அது மூன்று முறை சுற்றி, நாலாவது முறைக்கு என் இடுப்பையும் கேட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். பின்னால் துணி வைத்துத் தைத்துத்தான் நிறுத்தினோம்.

பொங்கல் லீவில் ஒகேனக்கல். தருமபுரி, பென்னாகரம் என்று இரண்டு பஸ் மாறி, பெட்டி மடியில், காமிரா கழுத்தில். அருவி பின்னால் விழ, பாறைமேல் நாகம்மா நின்றாள். புல்லாக்கு உதட்டை மறைத்தது; சுட்டி கண்ணில் இடித்தது. நகை தெளிவாக விழ வேண்டுமே என்று, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக நாராயணப்பன் பின்னால் நடக்காமல் முன்னால் நடந்து வந்தார். காமிரா அனுமதித்த மட்டும் பக்கத்தில் வந்தார்.

"வாயை மூடு. பல்லு தெரிஞ்சா அட்டிகை எடுபடாது. மூஞ்சிய அசைக்காத. ம்... அம்மன் சிலையாட்டம்."

ஏழு படம் அம்மன் சிலையாட்டம் எடுத்தார். எட்டாவதுக்கு விசையில் விரலை வைத்தபோது, ஒரு பரிசல்காரர் கரையேறி வந்தார். நாகம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"ஏனவ்வா, இவத்து யாவூரல்லி நாடக?"

இன்றைக்கு எந்த ஊரில் நாடகம் என்று கேட்டார். நாராயணப்பனுக்குப் புரியவில்லை. நாகம்மாவுக்குப் புரிந்தது. அவள் அடக்கப் பார்த்தாள். வயிறு குலுங்கியது. குலுங்கின குலுங்கலில் தையல் விட்டு, ஒட்டியாணம் சரசரவென்று இறங்கிக் காலடியில் வளையமாக விழுந்தது. அவ்வளவுதான். புல்லாக்கு தெறிக்க, தலையைப் பின்னால் சாய்த்து, எட்டு வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்து வைத்துச் சிரித்தாள். நாராயணப்பன் பதறியதில் விரல் விசையை அமுக்கிவிட்டது.

"போச்சு! ஒரு படம் வீணாப்போச்சு!"

பிலிமைப் பெங்களூர் ஸ்டூடியோவுக்கு அனுப்பிக் கழுவி வாங்கினார். சாவி திருக அன்று மறக்கவில்லை போலும், எட்டுப் படமும் தனித்தனியாக வந்தன. எட்டாவதன் முதுகில் ஸ்டூடியோக்காரர் பென்சிலால் கன்னடத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். நாராயணப்பன் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு நாகம்மாவிடம் நீட்டினார்.

"என்னா எழுதியிருக்கான்?"

அவள் படித்தாள். அதில் இருந்தது இரண்டே சொல்: 'நகெமுக சென்னாகிதெ.' நகைமுகம் நன்றாக இருக்கிறது. போட்டிக்காரர் கேட்ட அதே சொல், அவள் கையில், பென்சிலில்.

"சிரிச்ச மூஞ்சி நல்லாருக்குதுன்னு எழுதியிருக்குது" என்றாள். ஒரு எழுத்துக்கூட மறைக்கவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

"அவனுக்குக் கிண்டலு" என்று அவர் அதைத் தள்ளிவைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி எடுத்தார். அருவி, சாரல், அந்த முகம். தொப்பி நிழல்கூட அன்று எங்கோ ஒதுங்கியிருந்தது. கழுதைக்கும் எப்போதாவது கற்பூரம் மணக்கும் அல்லவா? தலையைச் சொறிந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கேள்வி வாயில் வந்தது.

"நாகு, நீ சொல்லு. எத அனுப்பலாம்?"

நான் சுவருக்கு இந்தப் பக்கம் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். 'சிரிச்சதை அனுப்புங்க' என்று அவள் சொன்னால் பரிசு, காஷ்மீர், ஹூப்ளி இல்லை. பேசாமல் இருந்தால் அவராகவே அதை அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்.

"என்னாத்துக்கு என்னைக் கேக்கறீங்க?" என்றாள் நாகம்மா, பருப்பைக் கடைந்துகொண்டே. "நீங்க தமிழ்ல மொத மார்க்கு. நகைமுகம்னா நகை போட்ட முகம்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப நகை நெறைய இருக்கறத அனுப்புங்க. எட்டாவதுல ஒட்டியாணமே கெடையாது."

"அதான பாத்தேன்!" என்றார் அவர். அம்மன் சிலை சென்னைக்குப் போயிற்று. எட்டாவது படம் அரிசிப் பானைக்குள் போயிற்று.

பங்குனியில் இதழ் வந்தது. பரிசு, குற்றாலத்தில் குளித்துக்கொண்டு சிரித்த ஒரு பொக்கைவாய்க்கு. கீழே ஆசிரியர் குறிப்பு: 'சாமல்பட்டி அன்பர் ஒருவர் தம் இல்லாளுக்கு நகைக்கடையைச் சுமத்தி அனுப்பியுள்ளார். நகை என்பது சிரிப்பு. அன்பர் இனியேனும் தமிழ் பயில்க.'

பிளாட்பாரத்தில் மாதப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்து முடித்ததும் பச்சைக் கொடியால் வாயைப் பொத்திக்கொண்டான். சேலம் வண்டிக்காரர் பச்சையைப் பார்த்துவிட்டு நிற்காமலே போய்விட்டார் என்பது ஊர்ப்பேச்சு.

நாகம்மா வந்தாள். "பாஸு எழுதிக் குடுங்க. ஹூப்ளிக்கு."

நாராயணப்பன் இதழைப் பிடுங்கிக் குறிப்பை மறுபடி படித்தார். பிறகு அவர் மூளை, அந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு முறை, சாவி திருகிக்கொண்டது.

"நான் சூடத்துல என்னான்னு சொன்னன்? அச்சுல வரலேன்னான்னு சொன்னன். வந்துடுச்சே! சாமல்பட்டி அன்பர். அச்சுல, இதோ. நான்தான அது? அப்ப காஷ்மீரு."

நாகம்மாவின் முகம் செத்துப்போனது. மாதப்பன், "வந்தது படமா, வசவா?" என்று ஆரம்பித்தான். அவள் கையமர்த்தினாள்.

"நியாயம்தான், மாதப்பண்ணா. சாமி முன்னாடி சொன்ன சொல்லு. அச்சுல வந்துட்டாரு. நான் ஒத்துக்கறேன்." இதழைக் கையில் வாங்கினாள். "இந்தப் பக்கத்தக் கிழிச்சு, 'சாமல்பட்டி அன்பர் எங்க வீட்டுக்காரருதான்'னு அடியில எழுதி, டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துல ஒட்டிடலாம். அச்சுல வந்தவரு பெருமைய நாலு சனம் பாக்க வேணாமா? ஞாயித்துக்கெழமை போச்சம்பள்ளிச் சந்தைக்காரங்க எல்லாம் இந்தப் பக்கமாத்தான் வருவாங்க. கோந்து இருக்குதாண்ணா?"

"இருக்குது, இருக்குது" என்றான் மாதப்பன், காத்திருந்தவன் போல.

நாராயணப்பன் ஜன்னலைப் பார்த்தார். கோந்துப் புட்டியைப் பார்த்தார். வேப்பமரத்தையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"அது... அது நானுன்னு எங்க போட்டிருக்கான்? சாமல்பட்டில ஆயிரம் அன்பர் இருப்பாங்க."

"அப்ப நீங்க இல்லையா?"

"நான் இல்ல."

"மாதப்பண்ணா, நீ கேட்டுக்கிட்டியா?"

"மாரியம்மா சாட்சி, கேட்டுக்கிட்டன்."

"நீங்க இல்லேன்னா, நீங்க அச்சுல வரல" என்றாள் நாகம்மா. "பாஸு."

வைகாசியில் போனார்கள். ஜோலார்ப்பேட்டையில் மாறி, பெங்களூரில் மாறி, ஹூப்ளி. அங்கே நடந்ததை நாகம்மா திரும்பி வந்து சொன்னாள். பட்டறை வாசலில் ஒரு பெரிய எஞ்சினைக் கண்டதும் நாராயணப்பனுக்குக் கை துறுதுறுத்ததாம். அக்காளையும் தங்கையையும் அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நடக்க ஆரம்பித்தாராம். அவர் தண்டவாளங்களைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்ததும், இவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் அவல் தின்றார்களாம். அந்தப் படமும் இருக்கிறது. எஞ்சின் மட்டும் தெரியும், கீழே தொப்பி நிழல்.

எட்டாவது படத்தை நாகம்மா அக்காள் கையில் கொடுத்தாள். கெம்பம்மா அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நீதான் இருக்கறே. யாரு எடுத்தாங்க?"

நாராயணப்பன் அப்போதுதான் வியர்வையோடு உள்ளே நுழைந்து, பதிலுக்காகத் தொண்டையைச் செருமினார்.

"யாரும் எடுக்கல அக்கா" என்றாள் நாகம்மா. "ஒட்டியாணம் எறங்குச்சு, படம் தானா விழுந்துடுச்சு."