எந்தப் பக்கம் பெயிண்டர்கள் அதிகம்

தூத்துக்குடி மாவட்டத்தில் பெயிண்டர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. ஒருமுறை சொன்னேன், அதுவும் ரொம்ப வேகமாக. அந்த வேகத்தில் என் அண்ணனின் வேலை போகப் பார்த்தது.

பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு ஒரு சின்ன ஆய்வு அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். மாவட்டத்தைச் சில பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, வேலை பார்ப்பவர்களில் பெயிண்டர்களின் பங்கு எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். பங்கு எங்கே அதிகமோ அந்தப் பகுதி ஆட்களுக்கு, உயரத்தில் நின்று பெயிண்ட் அடிப்பதற்கான பாதுகாப்புப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கும். முடிவில் சான்றிதழும் உண்டு. ஆனால் ஒரே ஒரு பகுதிக்குத்தான்.

அண்ணனும் பெயிண்டர்தான். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் துறைமுகத்துக்குப் போவான். கிரேன் கால்கள், கொட்டகைக் கூரைகள், சில நாள் கப்பலின் பக்கவாட்டு என்று எப்போதும் உயரத்திலேயே வேலை. ஆகஸ்டு முதல் சான்றிதழ் இல்லாத யாரையும் ஏணியில் ஏற்ற மாட்டேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். வெளியே போய்ப் படிக்க வேண்டுமென்றால் சென்னையில் தங்க வேண்டும். மதினியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு எங்கே போய்த் தங்குவது? எங்கள் பக்கத்துக்குப் பயிற்சி வந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பெயிண்ட் கறை படிந்த சட்டைதான் கொடியில் காயும்.

சொந்த ஊரைக் கணக்கெடுக்கக் கூடாது என்பது அலுவலக விதி. அதனால் எனக்குக் கடற்கரைப் பகுதி. எங்கள் பக்கத்துக்கு என்னோடு வேலை பார்த்த பெண் போனாள்.

நான் கடற்கரைக்குப் போனது மே மாதம். விசைப்படகுகளைக் கரையில் ஏற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். படிவத்தின் முதல் கேள்வி, போன ஏழு நாளில் அதிக நேரம் என்ன வேலை பார்த்தீர்கள் என்பது. வீட்டுக்கு வீடு ஒரே பதில்: பெயிண்ட் அடிச்சோம். நான் டிக் போட்டுக்கொண்டே போனேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒரு முடிவு யாருக்குக் கிடைக்கும்! அன்று மாலையே மாவட்ட வரைபடத்தை எடுத்துக் கடற்கரை முழுவதும் அடர்சிவப்பு பூசி, அலுவலகத்தை நடத்தும் மேடத்துக்கு அனுப்பினேன். அண்ணனை நினைத்து மனம் கொஞ்சம் இடறியது உண்மை. ஆனால் எண் எண்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அறிக்கையின் அட்டைக்குப் பெயிண்டர்களின் படம் ஒன்று வேண்டும் என்றார். ஜூன் கடைசி வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில் மறுபடி போனேன். படகும் இல்லை, ஆளும் இல்லை. கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு படகோட்டி மட்டும் நிழலில் உட்கார்ந்திருந்தார். பெயிண்டர்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். எந்தப் பெயிண்டர் என்று கேட்டார். என் பட்டியலை நீட்டினேன். வாசித்துவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“தம்பி, தடைக்காலத்துல நாங்க பெயிண்டரு. கோயில் திருவிழாவுல சமையக்காரரு. கல்யாண வீட்டுல பந்தல்காரரு. அதையும் எழுதிக்கிட்டியா?”

மீன் குஞ்சு பொரிக்கும் இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மீன் விலை ஏறும் மாதம் என்று தெரியும். அந்த இரண்டு மாதத்தில்தான் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, ஊரே சேர்ந்து பெயிண்ட் அடிக்கும் என்பது கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி எங்கள் ஊர்ப் படிவங்களைத் தேடி எடுத்தேன். பெயிண்டர் என்று ஏழெட்டுப் பேர்கூட இல்லை. எங்கள் வீட்டுத் தாளைப் புரட்டினேன். அண்ணன் பெயருக்கு நேரே ‘துறைமுகத் தொழிலாளர்’. என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் போனது வேலை நாளில், ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில். மதினி பதில் சொல்லியிருக்கிறாள். ஹார்பர்ல வேலை என்றுதான் சொல்லியிருப்பாள். அண்ணனே அப்படித்தான் சொல்வான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் சொன்னான்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இழுத்தடித்தேன். அறிக்கை போக ஒரு வாரம்தான் இருந்தது. சொல்லாவிட்டால் பயிற்சி, கடலுக்குப் போய்விட்டவர்களுக்குப் போகும். சொன்னால், தன் அண்ணனுக்காகக் கணக்கை வளைக்கிறான் என்பார்கள். நானே மேடமாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்ப்பேன். இறங்கும்போது எல்லாம் மறந்திருக்கும்.

மூன்றாம் நாள் கதவைத் தட்டி, முதல் வாக்கியத்திலேயே என் அண்ணன் பெயிண்டர் என்று சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மேடம் வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பகுதியிலும் மறுபடி கேட்கலாம் என்றார். கடற்கரையில் ஞாயிறன்று படகு போகாது, ஆட்கள் இருப்பார்கள். வருஷத்தில் அதிக மாதம் என்ன வேலை, கையில் என்ன கருவி என்ற இரண்டு கேள்விகளை நான் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் கேட்கப் போகிறவள் அதே பெண்தான், நான் இல்லை. வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று மேடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார். தலையாட்டினேன்.

அந்த நான்கு நாளும் அண்ணனோடு ஒரே தட்டில் முறுக்கு தின்றேன், கணக்கெடுப்பைப் பற்றிப் பேசவில்லை. பெயிண்டர்னு சொல்லு என்ற ஒரு வரியை முறுக்கோடு சேர்த்து மென்று விழுங்கினேன். சனிக்கிழமை அவனே கான்ட்ராக்டர் பேச்சை எடுத்து, ஏணிக்குக் கீழே நிற்கிற வேலைதான் இனிமேல் கிடைக்கும் போல என்றான். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை, அந்தப் பெண் வருவதற்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்று மூன்று டீ குடித்தேன். திரும்பும்போது அவள் என்னைக் கடந்து பஸ் ஏறினாள். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அண்ணன் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தான்.

“ஏலே, உங்க ஆபீஸ்ல என்னத்தலே படிச்சிட்டு வாரீங்க? ஹார்பர்ல வேலைன்னு சொல்லுதேன், அந்தப் பிள்ள விடல. கையில என்ன பிடிப்பீகன்னு கேக்கு.”

“நீ என்ன சொன்ன?”

“பிரஷ்ஷுன்னேன். வேற என்னத்தப் பிடிக்க? அவ பெயிண்டர்னு எழுதிட்டா. பெயிண்டர்னா சுவத்துக்கு வெள்ளையடிக்கவன்னுலா நினைப்பாவ. நான் கப்பலுக்கு அடிக்கேன்னு அவகிட்டச் சொன்னேன். அதுக்குக் கட்டம் இல்லையாம்.”

மதினி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீடுகளிலும் அந்தக் கேள்வியைக் கேட்டாளா என்று மட்டும் கேட்டேன். எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறாள்.

ஜூலையில் பயிற்சி எங்கள் பக்கத்துக்கு வந்தது. அண்ணன் பெயர் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், பெயிண்டர் என்ற வார்த்தையோடு ஒட்டப்பட்டது. இரண்டு நாள் அவன் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. வகுப்புக்கும் போக மாட்டானோ என்று பயந்து முதல் நாள் நானே கூடப் போனேன். வாசலில் பதிவேட்டை நீட்டினார்கள். தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். திரும்பியபோது எழுதியிருந்தான்: கப்பல் பெயிண்டர்.