அக்காவுக்கு வருஷம் ஒரு ஸ்கேன்

எலும்பு ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு ‘அசையாதீங்க’ என்றே பட்டப்பெயர். வயது ஏற ஏறப் பெண்களின் எலும்பு எவ்வளவு தேய்கிறது என்று டாக்டர் வருஷக்கணக்கில் நடத்திய ஆராய்ச்சிக்கு ஸ்கேன் எடுப்பவள் அவள். மேஜையில் படுத்தவர் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும், “அசையாதீங்க!” என்று ஒரு அதட்டல். அந்தப் பக்கம் போன டாக்டரே ஒருமுறை விறைத்து நின்றுவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குளிர்ந்த அறை அவள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதைவிட, வருஷத்துக்கு ஒருமுறை அங்கே வந்து படுத்த அக்காவின் முகம். 

அக்காவை அந்த ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டது அவள்தான். அக்காவுக்குப் புகுந்த வீட்டில் தலைக்கு மேல் வேலை. வெளியே கிளம்ப ஒரு சாக்கு வேண்டும். ஸ்கேனுக்கு வரச் சொல்லி வருஷா வருஷம் ஆஸ்பத்திரி அனுப்பும் அட்டை அதற்குத் தோதாக இருந்தது. ஸ்கேன் முடிந்ததும் இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து சாயங்காலம் வரை ஊர்க்கதை பேசுவார்கள். அடடா, அந்தச் சிரிப்பு!

ஒரு வருஷம், திரையில் எழுந்த அக்காவின் முதுகெலும்பின் மேல் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள். வயிற்றில் கரையாமல் கிடந்த கால்சியம் மாத்திரைகள். அவற்றையும் இயந்திரம் எலும்பு என்றே கணக்கில் சேர்த்துவிடும். அதனால் ஸ்கேன் அன்று மாத்திரை போடக்கூடாது என்று வாய் வலிக்கச் சொல்லி அனுப்புவாள்.

“எத்தனை முழுங்கினே, அக்கா?”

“ஒண்ணுதான்.”

“படத்துல நாலு தெரியுது.”

“அதுகூடவா தெரியும் இந்தச் சனியனுக்கு?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“எலும்பு ரொம்பத் தேஞ்சிருந்தா ஆராய்ச்சியை விட்டு நிறுத்தி, வீட்டுப் பக்கத்து டாக்டர்கிட்ட வைத்தியத்துக்கு அனுப்பிடுவாங்களாமே? அப்புறம் நான் எதைச் சொல்லிட்டு இங்க வர்றது? கண்டுக்காம விட்டுடுடி.”

விட்டுவிடலாம்தான். அந்த ஒரு நாள் அவளுக்கும் வேண்டியிருந்தது. ஆனால் அக்காவின் எலும்பு போன வருஷமே எல்லைக்கோட்டில் இருந்தது. வழுக்கி விழுந்தால் இடுப்பு உடைந்து படுத்த படுக்கைதான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள். இன்னொரு நாள் மறுபடி எடுத்தார்கள். அக்கா பயந்தபடியே ஆயிற்று.

“கூடப்பிறந்தவளே காட்டிக் கொடுத்துட்டா” என்று சொல்லிவிட்டு, கேன்டீன் பக்கம் திரும்பாமல் அக்கா போய்விட்டாள்.

மறு வருஷம் அட்டை போகவில்லை. அக்காவைக் கூப்பிட அவள் போனை எடுப்பாள், தயங்கி வைத்துவிடுவாள். வழக்கமான அந்த மாதத்தில் ஒருநாள் பார்த்தால், வெளி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

“உனக்குத்தான் ஸ்கேன் கிடையாதே, அக்கா?”

“தெரியும். தங்கச்சியைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லல.” அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இத்தனை வருஷமா ஆஸ்பத்திரிதான் என்னைக் கூப்பிட்டுச்சு. நீ ஒரு தடவையாவது கூப்பிட்டியா?”

அவள் மீதி வேலையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அந்த வீட்டுக்கு அக்கா வந்தது அதுதான் முதல் தடவை.